ஸ்கொட்லாந்துப் பவுண் செல்லுமா, செல்லாதா? 'சட்டமுறை நாணயம்' பற்றிய ஒரு விளக்கம்

பிரித்தானியாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் உறவினர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் பவுண் தாள்களில் சில வேளைகளில் மன்னரின் படமோ மகாராணியின் படமோ இருப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண் விஞ்ஞானியின் முகமும் மறுபக்கத்தில் இரண்டு நீர்நாய்களும் இருக்கும். இல்லாவிட்டால் ஓர் எழுத்தாளரின் முகமும் ஒரு பாலமும் இருக்கும். தாளின் மேல் 'பவுண் ஸ்டேர்லிங்' என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் 'பேங்க் ஒஃப் இங்கிலண்ட்' என்ற பெயரைக் காணக் கிடைக்காது. அதைக் கையில் வாங்குபவருக்கு முதலில் எழும் சந்தேகம், இது கள்ள நோட்டா என்பதுதான். காசு மாற்றும் கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

அது கள்ள நோட்டு அல்ல. அது ஸ்கொட்லாந்தின் ஒரு வர்த்தக வங்கி வெளியிட்ட, இங்கிலாந்துப் பவுணுக்குச் சமமான பெறுமதியுடைய உண்மையான பணம். ஆனால் அந்தப் பணத்தை லண்டனில் உள்ள ஒரு கடைக்காரர் வாங்க மறுத்தால் சட்டத்தைக் காட்டி அவரை மடக்க முடியாது. "இது சட்டமுறை நாணயம், நீங்கள் வாங்கியே ஆக வேண்டும்" என்று வாதாடுபவரும், "இது சட்டமுறை நாணயம் அல்ல, ஆகவே இது செல்லாக் காசு" என்று கை கழுவுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே அந்தச் சொல்லுக்கு அது தாங்காத ஒரு பொருளை ஏற்றிவிடுகிறார்கள்.

பிரித்தானியாவில் படிக்கும் பிள்ளைகளும் தொழில் புரியும் உறவினர்களும் எம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அங்கே கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாக விளங்கிக்கொள்வது நல்லது.

யார் அச்சிடுகிறார்கள்?

எமது நாட்டில் நாணயத்தாள் வெளியிடும் அதிகாரம் மத்திய வங்கிக்கு மாத்திரமே உண்டு. இலங்கை வங்கியோ மக்கள் வங்கியோ தமது பெயரில் ஆயிரம் ரூபாத் தாள் அச்சிடுவதை நாம் கற்பனை கூடச் செய்ய மாட்டோம். ஐக்கிய இராச்சியத்தில் நிலைமை வேறு. அங்கு ஆறு வர்த்தக வங்கிகள் இன்றும் தமது சொந்தப் பெயரில் நாணயத்தாள் வெளியிடுகின்றன. ஸ்கொட்லாந்தில் பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட், ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட், கிளைட்ஸ்டேல் பேங்க் ஆகிய மூன்று. வட அயர்லாந்தில் பேங்க் ஒஃப் அயர்லண்ட், டான்ஸ்கே பேங்க், அல்ஸ்டர் பேங்க் ஆகிய மூன்று.

இது நேற்று இன்று வந்த வழக்கம் அல்ல. இங்கிலாந்து வங்கி 1694 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் அதற்கு அடுத்த ஆண்டே ஆரம்பிக்கப்பட்டு, உடனடியாகத் தாள் பணம் வெளியிடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் ஏராளமான தனியார் வங்கிகள் தாள்களை அச்சிட்டன. 1844 ஆம் ஆண்டின் வங்கிப் பட்டயச் சட்டம் அதற்குக் கடிவாளமிட்டது. புதிய வங்கிகள் தாள் வெளியிடுவது தடுக்கப்பட்டது. ஏற்கெனவே வெளியிட்டு வந்தவை ஒவ்வொன்றாகக் கழன்றன. இங்கிலாந்தின் கடைசித் தனியார் தாள் 1921 ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது. ஸ்கொட்லாந்து மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை.

அதற்கு ஒரு காரணம் மக்களின் எதிர்ப்பு. 1826 ஆம் ஆண்டு ஐந்து பவுணுக்குக் குறைந்த பெறுமதியுடைய தாள்களைத் தடை செய்ய லண்டன் அரசாங்கம் திட்டமிட்டது. தங்கமும் வெள்ளியும் குறைவாகப் புழங்கிய ஸ்கொட்லாந்தில் ஒரு பவுண் தாள்தான் அன்றாட வியாபாரத்தின் உயிர்நாடி. புகழ்பெற்ற நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட் புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி அதனை எதிர்த்தார். அரசாங்கம் ஸ்கொட்லாந்து விடயத்தில் பின்வாங்கியது. அவரது முகம் இன்றும் பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்டின் தாள்களில் இருப்பது வெறும் இலக்கிய மரியாதைக்காக மாத்திரம் அல்ல.

அந்தச் சொல்லின் பொருள் என்ன?

இனி விடயத்துக்கு வருவோம். 'சட்டமுறை நாணயம்' என்றால், சட்டம் அனுமதித்த பணம் என்றுதான் பொதுவாக நாம் நினைக்கிறோம். சட்டத்தரணிகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பொருள் அதைவிட மிகவும் குறுகியது. நீங்கள் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். கடன் தொகையைச் சட்டமுறை நாணயத்தில் முழுமையாகச் செலுத்த முன்வருகிறீர்கள். அவர் வாங்க மறுக்கிறார். அதன் பின்னர், பணம் செலுத்தவில்லை என்று அவர் உங்கள் மீது வழக்குத் தொடர்ந்து வெல்ல முடியாது. இவ்வளவுதான் அதன் பொருள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'கடன்'. கடையில் ஒரு பாண் இறாத்தலை எடுத்து மேசையில் வைக்கும் போது நீங்கள் கடைக்காரருக்குக் கடன்பட்டவர் அல்லர். வியாபாரம் இன்னும் நடக்கவே இல்லை. எந்த வகைப் பணத்துக்கு விற்பது என்பதை அவரே தீர்மானிக்கலாம். அதனால்தான் பிரித்தானியக் கடைகளில் '50 பவுண் தாள் ஏற்கப்பட மாட்டாது' என்று எழுதி ஒட்ட முடிகிறது. 'கார்ட் மாத்திரம்' என்று எழுதவும் முடிகிறது. இத்தனைக்கும் டெபிட் கார்ட், காசோலை, கைத்தொலைபேசிக் கொடுப்பனவு எதுவுமே சட்டமுறை நாணயம் அல்ல. நாட்டின் கொடுப்பனவில் பெரும் பகுதி சட்டமுறை நாணயம் அல்லாத வழிகளில்தான் நடக்கிறது. ஒருவரும் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை.

உணவகத்தில் சாப்பிட்டு முடித்த பின், வாகனத்துக்கு எரிபொருள் நிரப்பிய பின் கடன் உருவாகிவிடுகிறது. அங்குதான் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சமாவது வேலை இருக்கிறது. அங்கும் கூட நடைமுறையில் இரு தரப்பும் ஏதோ ஒரு வழியில் உடன்பட்டு விடயத்தை முடித்துக்கொள்வார்களே தவிர, நீதிமன்றம் வரை போவதில்லை.

ஸ்கொட்லாந்திலும் இல்லாத தகுதி

சட்டத்தின்படி, ஸ்கொட்லாந்துத் தாள்கள் இங்கிலாந்தில் சட்டமுறை நாணயம் அல்ல. அது பலருக்கும் தெரியும். அவை ஸ்கொட்லாந்திலும் சட்டமுறை நாணயம் அல்ல என்பது பலருக்கும் தெரியாது. வட அயர்லாந்துத் தாள்களின் நிலையும் அதுவே. அதைவிட வியப்பானது, இங்கிலாந்து வங்கியின் தாள்கள் கூட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாத்திரமே சட்டமுறை நாணயம். 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து பவுணுக்குக் குறைந்த தாள்களுக்கு மட்டும் ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அந்தத் தகுதி இருந்தது. இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண் தாள் 1988 ஆம் ஆண்டு வாபஸ் பெறப்பட்டதுடன் அதுவும் போய்விட்டது.

ஆக, இன்று கிளாஸ்கோவிலோ பெல்ஃபாஸ்டிலோ சட்டமுறை நாணயமான தாள் என்று ஒன்றுமே இல்லை. குற்றிகள் மாத்திரமே உள்ளன. அவற்றுக்கும் வரம்பு உண்டு. ஒரு பவுண், இரண்டு பவுண் குற்றிகளை எத்தொகைக்கும் கொடுக்கலாம். 20 பென்ஸ், 50 பென்ஸ் குற்றிகள் 10 பவுண் வரை. 5 பென்ஸ், 10 பென்ஸ் குற்றிகள் 5 பவுண் வரை. 1 பென்னி, 2 பென்ஸ் குற்றிகள் 20 பென்ஸ் வரை மட்டும். உலகப் போர்க் காலங்களில் ஸ்கொட்லாந்துத் தாள்களுக்குத் தற்காலிகமாக அந்தத் தகுதி வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் அது நீக்கப்பட்டது. ஸ்கொட்லாந்துத் தாள்களை நாடு முழுவதும் ஏற்கச் செய்வதற்காகப் பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டதுண்டு. அவை சட்டமாகவில்லை.

இப்படியிருந்தும் எடின்பரோவில் காலையில் தேநீர் வாங்குபவர் முதல் மாலையில் டாக்சிக்குக் கொடுப்பவர் வரை எல்லோரும் இந்தத் தாள்களைத்தான் புழங்குகிறார்கள். சட்டமுறை நாணயமான தாள் இல்லாத ஒரு நாடு எந்தச் சிக்கலும் இன்றி வியாபாரம் செய்கிறது. அப்படியானால் அந்தத் தாளைத் தாங்கி நிற்பது எது?

தாளுக்குப் பின்னால் இருக்கும் பணம்

2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் வீழ்ச்சியின் விளிம்புக்கே போய், அரச பணத்தால் காப்பாற்றப்பட்டது. வங்கி விழுந்தால் அதன் பெயர் தாங்கிய தாளை வைத்திருப்பவரின் கதி என்ன என்ற கேள்வி அப்போது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் அதற்கு இறுக்கமான பதிலைத் தந்தது. தாள் வெளியிடும் வங்கி, தான் புழக்கத்தில் விட்டுள்ள தாள்களின் முழுப் பெறுமதிக்கும் ஈடான சொத்தை எந்நேரமும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அதில் ஆகக் குறைந்தது 60 சதவீதம் இங்கிலாந்து வங்கியின் தாள்களாகவும் நாணயக்குற்றிகளாகவும் இருக்க வேண்டும். எஞ்சியது இங்கிலாந்து வங்கியில் வைப்பாக இருக்கலாம். வங்கி முறிந்தாலும் அந்தச் சொத்து மற்றைய கடன்காரர்களுக்குப் போகாது; தாள் வைத்திருப்பவர்களுக்கே உரியது.

இவ்வளவு பெரிய தொகையைச் சாதாரண 20 பவுண் தாள்களாக அடுக்கி வைப்பது சிரமம். அதற்காகவே இங்கிலாந்து வங்கி புழக்கத்துக்கு விடாத இரண்டு விசேட தாள்களை வைத்திருக்கிறது. ஒன்று 'ஜயன்ட்', அதன் பெறுமதி ஒரு மில்லியன் பவுண். மற்றையது 'டைட்டன்'; 100 மில்லியன் பவுண். ஒரு ஏ4 தாள் அளவிலான அந்த ஒற்றைக் காகிதம், கிளாஸ்கோவின் சந்தைகளில் கைமாறும் லட்சக்கணக்கான சிறு தாள்களுக்குப் பிணை நிற்கிறது. ஆகவே ஸ்கொட்லாந்துத் தாள் தரம் குறைந்த பவுண் அல்ல. அதன் ஒவ்வொரு பவுணுக்கும் பின்னால் இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண் இருக்கிறது.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. ஐல் ஒஃப் மேன், ஜேர்சி, கேர்ன்சி ஆகிய தீவுகள் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல. பிரித்தானிய முடியைச் சார்ந்த தனிப் பிரதேசங்கள். அவற்றின் அரசாங்கங்கள் வெளியிடும் பவுண் தாள்கள் அந்தந்தத் தீவில் முழுமையான சட்டமுறை நாணயம். ஆனால் அவற்றை லண்டன் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எங்கும் சட்டமுறை நாணயமாக இல்லாத ஸ்கொட்லாந்துத் தாளுக்கு லண்டனில் கிடைக்கும் வரவேற்பு, தன் ஊரில் சட்டமுறை நாணயமாக இருக்கும் ஐல் ஒஃப் மேன் தாளுக்குக் கிடைப்பதில்லை.

எமது நாட்டிலும் நடந்த கதை

தனியார் வங்கி நாணயத்தாள் அச்சிடுவது எமக்கு அந்நியமான விடயம் என்று மேலே சொன்னேன். இன்றைக்கு அது சரி. ஆனால் 19 ஆம் நூற்றாண்டின் இலங்கையில் மக்கள் கையில் புழங்கியது வர்த்தக வங்கிகளின் தாள்தான். அவற்றில் முதன்மையானது ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன். கோப்பித் தோட்டங்களுக்கு அள்ளி அள்ளிக் கடன் கொடுத்த வங்கி அது. கோப்பிச் செடியை இலை நோய் அழித்தது. தோட்டங்கள் அழிந்தன. 1884 ஆம் ஆண்டு மே மாதம் அந்த வங்கி கதவை மூடியது.

அந்தத் தாளை வைத்திருந்த சில்லறை வியாபாரியையும் கூலித் தொழிலாளியையும் நினைத்துப் பாருங்கள். முதல் நாள் இரவு பணமாக இருந்தது மறு நாள் காலையில் காகிதமாகிவிட்டது. அப்போதைய ஆளுநர் சேர் ஆதர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். பீதி தணிந்தது. அதே ஆண்டில் தாள் நாணயக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, தாள் வெளியிடும் அதிகாரம் வங்கிகளிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. பின்னர் 1950 ஆம் ஆண்டு மத்திய வங்கி உருவானபோது அந்தப் பொறுப்பு அதனிடம் சேர்ந்தது.

1884 இல் மக்களைக் காப்பாற்றியது தாளில் எழுதியிருந்த வாசகம் அல்ல. அதற்குப் பின்னால் ஒருவர் பிணை நின்றதுதான். அன்று இலங்கையில் ஆளுநர் செய்ததை இன்று பிரித்தானியாவில் 2009 ஆம் ஆண்டுச் சட்டமும் டைட்டன் தாளும் செய்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பிணை முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே வங்கி விழுந்த பின்னர்தான் அது வந்தது.

நடைமுறையில் என்ன செய்வது?

முதலாவது, ஸ்கொட்லாந்திலோ வட அயர்லாந்திலோ இருந்து ஊர் வருபவர்கள் விமானம் ஏறுமுன் தமது தாள்களை அங்குள்ள ஒரு வங்கியில் கொடுத்து இங்கிலாந்து வங்கியின் தாள்களாக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். பெறுமதி ஒன்றுக்கு ஒன்று. பிரித்தானியாவுக்கு வெளியே நாணயமாற்று நிலையங்களில் இந்தத் தாள்களை மாற்றுவது சிரமம். மாற்றினாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தக் குறைவு தாளின் பெறுமதியால் வருவதல்ல, அதை அடையாளம் காண்பதில் உள்ள தயக்கத்தால் வருவது. ஊரில் ஏற்கெனவே கையில் இருக்கும் தாளை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல், பிரித்தானியா திரும்பும் ஒருவரிடம் கொடுத்து அனுப்புவதே மேல்.

இரண்டாவது, இங்கிலாந்தில் கடை நடத்துபவர்களுக்கு. ஸ்கொட்லாந்துத் தாளை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதைக் கள்ளத் தாள் என்று சொல்லி வாடிக்கையாளரை அவமதிக்கும் உரிமை இல்லை. உங்கள் வங்கி அதனை முழுப் பெறுமதிக்கு வைப்பில் எடுக்கும். அடையாளம் தெரியாத தாளை வாங்கத் தயங்குவது நியாயமே. அதைத் தயக்கமாகவே மரியாதையுடன் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, பழைய தாள்கள். இங்கிலாந்து வங்கியின் 20, 50 பவுண் காகிதத் தாள்கள் 2022 செப்டம்பர் 30 உடன் சட்டமுறை நாணயத் தகுதியை இழந்தன. 5 பவுண் காகிதத் தாள் 2017 இலும், 10 பவுண் காகிதத் தாள் 2018 இலும் அந்தத் தகுதியை இழந்துவிட்டன. ஸ்கொட்லாந்து வங்கிகளும் தமது காகிதத் தாள்களை வாபஸ் பெற்று பொலிமர் தாள்களுக்கு மாறிவிட்டன. ஆனால் அலுமாரியில் வைத்த பழைய தாள் குப்பை அல்ல. இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட எந்தத் தாளையும் காலவரையறை இன்றி மாற்றிக் கொடுக்கிறது. சட்டமுறை நாணயம் என்ற தகுதி போன பின்னும் பெறுமதி போகாமல் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காவது, எமது சொந்த ரூபாவிலும் கவனம் தேவை. இலங்கைத் தாள் எத்தொகையைச் செலுத்துவதற்கும் சட்டமுறை நாணயம் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே கிறுக்கிய, வெட்டிய, உருமாற்றிய தாள்களை மாற்றிக்கொள்ள மத்திய வங்கி 2017 டிசம்பர் 31 வரையே அவகாசம் கொடுத்தது. அதன் பின்னர் அத்தகைய தாளின் நட்டம் அதை வைத்திருப்பவரையே சாரும். கடையில் மிச்சக் காசு வாங்கும் போது தாளை விரித்துப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல.

ஐந்தாவது, 'ஏற்றுக்கொள்ளப்பட்ட நாணயம்' என்ற செய்திகளைக் கண்டு குழம்பக் கூடாது. இந்திய ரூபாவை இனி இலங்கைக் கடைகளில் கொடுக்கலாம் என்ற பேச்சு 2023 இல் பரவியது. இந்திய ரூபா வங்கிகளில் கொடுக்கல் வாங்கலுக்கு அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டு நாணயங்களில் ஒன்று மாத்திரமே, உள்நாட்டுக் கொடுப்பனவுகளுக்குச் சட்டமுறை நாணயம் அல்ல என்று மத்திய வங்கி அப்போது தெளிவுபடுத்தியது. வங்கி ஒரு நாணயத்தை மாற்றித் தருவதும், அந்த நாணயத்தில் கடைத்தெருவில் வியாபாரம் செய்வதும் இரு வேறு விடயங்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆகவே அறிமுகமில்லாத ஒரு தாள் கைக்கு வரும்போது, அது சட்டமுறை நாணயமா என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதை வெளியிட்டவர் யார்? அவர் விழுந்தால் இதற்குப் பொறுப்பேற்பவர் யார்? நான் இதைக் கொடுக்கப் போகும் இடத்தில் இருப்பவர் இதை அறிவாரா?

முதல் இரண்டு கேள்விகளும் தாளின் பெறுமதியைச் சொல்லும். மூன்றாவது கேள்வி, அந்தப் பெறுமதியை இன்று, இந்த இடத்தில் நீங்கள் பெற முடியுமா என்பதைச் சொல்லும். ஸ்கொட்லாந்துத் தாள் முதல் இரண்டிலும் நன்றாகவே சித்தியடைகிறது. கொழும்பில் அது தடுமாறுவது மூன்றாவது கேள்வியில் மாத்திரமே. அதனால்தான் அன்பளிப்பாகப் பணம் கொண்டு வருபவர் விமானம் ஏறுமுன் வங்கியில் செலவிடும் பத்து நிமிடம், இங்கே வாங்குபவர் கடை கடையாக அலையும் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.